ட்ரோன் கிளம்ப மறுக்கிறதா? முதலில் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

"அண்ணா, மூணு பேட்டரியும் ஃபுல் சார்ஜ். மோட்டார் சுத்தவே மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ட்ரோன் என்ன மாடல், எப்போது வாங்கியது என்றெல்லாம் நான் கேட்பதில்லை. "எங்கே நிற்கிறே?" என்றுதான் கேட்பேன். "பல்லாவரம் ஏரிக்கரை" என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மீனம்பாக்கம் விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ட்ரோனில் ஒரு பழுதும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடும் நம் ஆட்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி, இரண்டு வரைபடங்களை ஒன்றாக நினைப்பதால் வருவது. கம்பெனி ஆப்பில் தெரிவது ஒன்று. 2021 செப்டம்பரில் மத்திய அரசு டிஜிட்டல் ஸ்கை என்ற தன் இணையதளத்தில் வெளியிட்ட வான்வெளி வரைபடம் இன்னொன்று. முதலாவது உங்கள் மோட்டாரைப் பூட்டும். இரண்டாவதுதான் சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு, என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

மோட்டார் சுற்றவில்லை, ஆப்பில் தடைப் பகுதி என்று வருகிறது

கம்பெனி போட்ட பூட்டு இது. விமான நிலையம், ராணுவத் தளம் போன்ற இடங்களைக் கம்பெனியே தன் பட்டியலில் வைத்து, அங்கே மோட்டாரைக் கிளம்ப விடாது. உடனே செய்ய வேண்டியது, போனில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து அதே இடத்தைப் பார்ப்பது. அங்கேயும் சிவப்பு, அதாவது தடை, என்றால் மூட்டை கட்டுங்கள். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வீடியோ போடுபவர்கள் பக்கம் போகாதீர்கள். பூட்டு உடைந்தாலும் சட்டம் உடையாது. விதி மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

அரசு வரைபடத்தில் பச்சை, ஆப்பில் மட்டும் பூட்டு என்றால் ஆப்பின் பட்டியல் பழையதாக இருக்கலாம். வீட்டு வைஃபையில் ஆப்பையும் ட்ரோனின் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு வாருங்கள். வயல்வெளியில் ஒற்றைக் கோடு சிக்னலில் இதைச் செய்ய முயன்று ஒரு காலைப் பொழுதையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆப் தடுக்கவில்லை, நன்றாகப் பறக்கிறது, ஆனாலும் சந்தேகம்

அந்தச் சந்தேகம் நல்லது. ஆப் விட்டுவிட்டது என்பதற்காகச் சட்டம் விட்டுவிட்டதாக ஆகாது. 2025 ஜனவரியில் ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் அமெரிக்காவில் இந்தப் பூட்டையே எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. பறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது கையில் ரிமோட் வைத்திருப்பவர்தான்.

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வான்வெளியை மூன்று நிறமாகப் பிரிக்கின்றன. பச்சையில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் அனுமதி தர வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும், பொழுதுபோக்குக்குப் பறப்பவர் அதை மறந்துவிடலாம்.

விமான நிலையத்தைச் சுற்றி இந்த நிறங்கள் வளையம் வளையமாக வரும். சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 வரை 60 மீட்டர் உயரம் மட்டும் பச்சை, அதற்கு மேலே மஞ்சள். இந்தக் கடைசி வளையத்தில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். வரைபடத்தில் தன் இடம் மஞ்சள் வட்டத்துக்கு உள்ளே இருந்தால் பறக்கவே முடியாது என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் வழக்கம்போல 120 மீட்டர் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டு, எத்தனை மீட்டர் வரை என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தூரத்தைக் கூகுள் மேப்பில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தின் பெயரைத் தட்டினால் குறி பெரும்பாலும் பயணிகள் முனையத்தின் மேல் போய் உட்காரும். விதி அளப்பதோ சுற்றுச்சுவரிலிருந்து. ஓடுபாதையே இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளம் ஓடும். அதன் மறுமுனையில் நிற்கும் உங்களுக்கு, 7 கிலோமீட்டர் என்று மேப் சொல்வது உண்மையில் 5 ஆக இருக்கலாம்.

இன்னொன்று, பயணிகள் விமானம் வராத இடங்களும் உண்டு. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள், அரக்கோணம் கடற்படைத் தளம், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள். மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் உள்ள ஊர்களில் இரண்டு தளங்களின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கோயம்புத்தூர் பீளமேட்டுக்கும் சூலூருக்கும் இடையிலும் இதே கதைதான். சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வரத் தொடங்கின. அதற்கு முன் அந்தப் பக்கம் பறக்கவிட்ட நினைவில் இப்போதும் போய் நிற்காதீர்கள்.

வான்வெளி வரைபடம் பச்சை என்றாலும் கீழே இருக்கும் தரைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவர்கள் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் கூடாது. முதுமலை, வேடந்தாங்கல், கோடியக்கரை போன்ற சரணாலயங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். கூட்டில் முட்டையோடு உட்கார்ந்திருக்கும் நாரைக்கு மேலே விர்ரென்று ஒன்று வந்து நின்றால் அது எழுந்து பறந்துவிடும். அந்த நேரம் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கைக்கும் எட்டும். நம் ஒரு நிமிட வீடியோவுக்கு அந்த விலை வேண்டாம்.

குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது

முதலில் செட்டிங்ஸில் அதிகபட்ச உயரம் எவ்வளவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். புது ட்ரோன் என்றால் கற்றுக்கொள்பவருக்கான முறை ஓடிக்கொண்டிருக்கும். அது உயரம், தூரம் இரண்டையும் சுருக்கிவிடும். அடுத்து ஜிபிஎஸ். போதிய செயற்கைக்கோள் கிடைக்காவிட்டால் ட்ரோன் தாழ்வாகவே நிற்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைச் சுவருக்கும் நடுவில் வைத்துக் கிளப்பினால் இப்படித்தான் ஆகும். திறந்த வெளிக்குக் கொண்டுவந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். இரண்டும் சரி, இன்னும் ஏறவில்லை என்றால் உயரக் கட்டுப்பாடு உள்ள வளையத்துக்குள் நிற்கிறீர்கள்.

ஆப் 10 மீட்டர் என்கிறது, ஆனால் கீழே தரை எங்கேயோ இருக்கிறது

மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். இதைப் பழுது என்று யாரும் எனக்குப் போன் செய்வதில்லை, அதனாலேயே விரிவாக எழுதுகிறேன்.

திரையில் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் போன்ற ஒரு விளிம்பில் நின்று கிளப்புகிறீர்கள் என்று வையுங்கள். 10 மீட்டர் ஏற்றி, சேலம் தெரியும் பக்கமாக நேராக முன்னே தள்ளுகிறீர்கள். திரையில் 10 என்ற எண் அசையாமல் நிற்கும். தரையோ சரிந்துகொண்டே போகும். கொஞ்ச தூரம் போனதும் ட்ரோனுக்குக் கீழே சில நூறு மீட்டர் வெறும் காற்று. 120 மீட்டர் என்ற வரம்பு எப்போதோ போய்விட்டது, ஆப் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அடிவாரத்தில் கிளப்பி மலைச்சரிவை ஒட்டி மேலே ஏற்றுகிறவருக்குத் திரையில் 120 வந்து ட்ரோன் நின்றுவிடும், மரத்தின் உச்சி பத்தடி கீழே இருக்கும்போதே. செட்டிங்ஸில் உயரத்தைக் கூட்டினால் அது ஏறும். ஆனால் திரும்பி வரும்போது அதே உயரத்தில் பள்ளத்தாக்குக்கு மேலே நேராக வந்தால் மறுபடியும் வரம்பு தாண்டிவிடும்.

நான் செய்வது எளிது. மலையில் சரிவை ஒட்டியேதான் போவேன், ஒட்டியேதான் வருவேன். விளிம்பைத் தாண்டி வெளியே தள்ள மாட்டேன். ஹெலிகாப்டர்கள் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வரும், மனிதர் இருக்கும் எந்த விமானத்துக்கும் நாம்தான் வழி விட வேண்டும். சத்தம் கேட்டதும் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்காமல் ட்ரோனை இறக்கிவிடுங்கள்.

போன வாரம் பறந்த இடம், இன்று சிவப்பு

பெரும்பாலும் முக்கியப் பிரமுகர் வருகை, இல்லாவிட்டால் பெரிய திருவிழா. காவல் கண்காணிப்பாளர் அளவிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி, ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. இதைத் தவிர காவல்துறை தனியாகவும் தடை உத்தரவு போடும், அது செய்தித்தாளில் நாலு வரியில் வந்திருக்கும். குடியரசு தினம், சுதந்திர தினம், பிரதமர் வருகை என்றால் வரைபடத்தோடு உள்ளூர்ச் செய்தியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தை முந்தின இரவு ஒரு தடவை, கிளப்பும் முன் ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம்.

ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் அடிக்கிறது

காம்பஸ் குழம்பியிருக்கிறது. காரின் பானெட் மேல் வைத்துக் கிளப்பினீர்களா? கம்பி ஓடும் கான்கிரீட் தளமா, மேன்ஹோல் மூடிக்குப் பக்கமா? இரும்புக்கு அருகில் காம்பஸ் வடக்கைத் தவறாகக் காட்டும், ஜிபிஎஸ் ஒரு திசை சொல்ல இது வேறு திசை சொல்லும். ட்ரோன் இரண்டுக்கும் நடுவில் சுழலும். பதறி ஸ்டிக்கை இழுக்காமல் மெதுவாக, ஆளில்லாத பக்கம் இறக்குங்கள். மண் தரைக்குப் போய், பையில் இருக்கும் சாவிக்கொத்தையும் போனையும் தள்ளி வைத்துவிட்டு காம்பஸை மறுபடி சரிசெய்யுங்கள்.

வட்டம் இல்லாமல் ஒரே பக்கமாக நழுவினால் அது ஜிபிஎஸ் இல்லாததால், அல்லது காற்றால்.

தானாகத் திரும்பி வந்தது, ஆனால் மரத்தில் மோதியது

என் முதல் ட்ரோன் போனது இப்படித்தான். மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கரை. புளியமரத்துக்குப் பின்னால் போனதும் சிக்னல் அறுந்தது. சிக்னல் போனால் ட்ரோன் எந்த உயரத்தில் தானாகத் திரும்ப வேண்டும் என்று செட்டிங்ஸில் ஓர் எண் உண்டு. வீட்டுக்குத் திரும்பும் உயரம் என்ற அதை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை, அது 20 மீட்டரில் இருந்தது. ட்ரோன் சொன்னபடி 20 மீட்டர் ஏறியது, என்னை நோக்கி நேர்கோட்டில் வந்தது, நடுவில் நின்ற பனைமரத்தின் மட்டைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. நான்கு இறக்கையும் மட்டையில் அடிக்கும் அந்தச் சடசடச் சத்தம் நின்றபின், ஒரு நொடி கழித்து அது கரைச் சேற்றில் விழுந்தது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா பத்தடி தள்ளி நின்றிருந்தார். அவர் மேல் விழுந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும்.

பனை 30 மீட்டர் வரை வளரும். செல்போன் கோபுரம் அதைவிட உயரம். அதனால் இடத்துக்கு இடம் அந்த உயரத்தை மாற்றுங்கள்: சுற்றிலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, கண்ணில் படும் மிக உயரமான பொருளுக்கு மேல் 10, 15 மீட்டர் கூட்டி வையுங்கள். அந்த எண் உங்கள் பகுதியின் வரம்பைத் தாண்டக் கூடாது. 60 மீட்டர் வளையத்தில் 70 மீட்டர் கோபுரம் நின்றால், அது அன்றைக்குப் பறக்க ஏற்ற இடம் இல்லை.

இன்னொரு வகை: திரும்பி வந்தது, ஆனால் வேறு இடத்துக்கு. ஹோம் பாயிண்ட் என்பது கிளம்பும்போது ட்ரோன் குறித்துக்கொண்ட இடம். படகிலிருந்து கிளப்பினால் படகு நகர்ந்துவிடும். ட்ரோன் விசுவாசமாகப் பழைய இடத்துக்கு வந்து கடலில் இறங்கும். ஜிபிஎஸ் கிடைக்கும் முன்பே அவசரமாக ஏற்றினாலும் அது எங்கோ வழியில்தான் குறித்துக்கொள்ளும். 'ஹோம் பாயிண்ட் பதிவானது' என்ற குரல் வந்தபின் ஏற்றுங்கள். ரிமோட்டின் ஆன்டெனா நுனியை ட்ரோனை நோக்கிக் குத்துவதுபோல் பிடிக்கிறோம் பலரும். தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். அதை மாற்றியதுமே பாதி சிக்னல் பிரச்சினை போய்விடும்.

முன்னே போனது, திரும்ப வர மாட்டேன் என்கிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், 249 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்? இந்த எடை ட்ரோன்களில் நல்லவையே விநாடிக்கு 10.7 மீட்டர் காற்றைத்தான் தாங்கும், மணிக்கு 38 கிலோமீட்டர் சுமார். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது சாதாரணக் காற்று. காற்றாலை அங்கே சும்மா நிற்கவில்லை. தரையில் இலை அசையாதபோதும் 80 மீட்டரில் இழுக்கும்.

மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறையுங்கள், தாழ்வில் காற்று குறைவு. வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் முறைக்கு மாற்றி இழுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் எதிர்த்துப் போராடி பேட்டரியைத் தீர்ப்பதைவிட, காற்றின் பக்கமாகவே ஆளில்லாத வயலில் இறக்கிவிட்டு நடந்து போய் எடுப்பது மேல். அடுத்த தடவை காற்றை எதிர்த்து முதலில் போங்கள், வரும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

பருந்து துரத்தினால் நேராக மேலே ஏற்றுங்கள். அது மேலிருந்து பாய்ந்துதான் தாக்கும், செங்குத்தாக ஏறுவதைத் துரத்துவது அதற்குக் கடினம். அப்புறம் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள், பக்கத்தில் கூடு இருக்கும்.

போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கிறார்

முதலில் "சார், ஒரு நிமிஷம், இறக்கிடுறேன்" என்று சொல்லி ட்ரோனைத் தரையிறக்குங்கள். அது மேலே நிற்கும்போது வாதம் வேண்டாம். பிறகு காட்ட வேண்டியவை: அன்று எடுத்த வரைபட ஸ்கிரீன்ஷாட், வாங்கிய ரசீது, பதிவு எண், இன்சூரன்ஸ். நான் புது ஊரில் பறக்கும்போது போகும் வழியில் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே போவேன். பச்சையில் அப்படிச் சொல்ல விதி கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் ஊர்க்காரர் யாராவது போன் செய்யும்போது அங்கே இருப்பவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

காகிதக் கணக்கு எடையில் தொடங்குகிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. இந்த இரண்டையும் வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். 250 கிராமைத் தாண்டினால் பதிவு எண்ணும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் கட்டாயம். பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். எடை என்பது மேலே மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து. 249 கிராம் என்று பெட்டியில் போட்டிருக்கும், நீங்கள் கூடுதல் நேரம் ஓடும் பெரிய பேட்டரி போட்டால் 290 கிராம் வரை போய்விடும். அதோடு நீங்கள் நானோ இல்லை, மைக்ரோ. இறக்கைக் காப்பு வளையமும் அப்படித்தான். சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

நண்பர் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோவில் படம் எடுத்துத் தந்தால் அது வணிகம், அதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டும். நானோ என்பதால் சிவப்பில் பறக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மண்டலக் கட்டுப்பாடு எல்லா எடைக்கும் பொது.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனையோ, பிரித்துக் கட்டிய ட்ரோனையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையச் சுங்கத்தில் அவர் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விழுந்துவிட்டது

யாருக்கும் அடி இல்லையே என்று முதலில் பாருங்கள், ட்ரோன் அப்புறம். ஆப்பில் கடைசியாகத் தெரிந்த இடம் பதிவாகியிருக்கும், ஆப்பை மூடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்கம்பியில் சிக்கியிருந்தால் துரட்டி, கம்பு என்று எதையும் எடுக்காதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வண்டி டிக்கியில் போடாமல் மணலில் தனியாக வையுங்கள்.

விபத்து என்று ஆகிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். பழுது பார்த்து வாங்கும்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: "கன்ட்ரோல் போர்டு மாத்தினீங்களா?" பதிவு எண் அந்தப் போர்டின் சீரியல் எண்ணோடும் ரிமோட்டின் சீரியல் எண்ணோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. எது மாறினாலும் 7 நாளுக்குள் புது எண்ணைப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு முதல் பறப்பை வீட்டுக்குப் பக்கத்து வெற்று மைதானத்தில், தலை உயரத்தில், ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.